ஒன்பதாம் வளைவுக்கு எதிர்ப்பக்கம்

ரொஹாயா தேர்வில் தோற்றது டிசம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஒவ்வொரு வருஷமும் அந்த மாதத்தில்தான் எங்களுக்கு உடல் தகுதித் தேர்வு வைப்பார்கள். கார் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால், ஓடுதளத்தின் ஓரத்தில் ஆரஞ்சு உடுப்போடு நிற்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். கொடி காட்டுவது, மோதி நின்ற காரை ஓரம் கட்டுவது, தீப்பிடித்தால் அணைப்பது எல்லாம் அவர்கள் வேலை. மார்ஷல்கள் என்போம். வாரத்தில் ஐந்து நாள் வேறு வேலை பார்த்துவிட்டு, பந்தயம் உள்ள சனி ஞாயிறுகளில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பிப் போய் வெயிலில் நிற்கிறவர்கள். நான் கிள்ளானில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா. ஒன்பதாம் வளைவில் கொடி பிடிப்பவன். ரொஹாயா அதே வளைவில் தீயணைப்பு.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. செராஸில் அரசாங்கப் பல் மருத்துவமனையில் வேலை. வைத்தியர்களின் கொறடுகளையும் ஊசிகளையும் கொதிகலனில் போட்டுச் சுத்தம் செய்து, எண்ணி, உறையில் போட்டு ஒட்டுவார். எங்கள் எல்லோருக்கும் அவர் காக் யா, யா அக்கா. சீன நண்பர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான்.

தேர்வு பெரிய கஷ்டமில்லை. ஒன்பது கிலோ தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு ஐம்பது மீட்டர் ஓட வேண்டும். நடுவில் இடுப்பளவு தடுப்பு ஒன்று இருக்கும், அதைத் தாண்ட வேண்டும். இருபத்து இரண்டு வருஷமாகத் தாண்டியவர். அன்று ஒரு காலைத் தூக்கிப் போட்டார். மற்றக் கால் வரவில்லை. தடுப்பின் மேல் குதிரை ஏறியவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்தார். "குணா, வந்து இறக்கி விடு. இல்லன்னா அடுத்த வருஷம் வரைக்கும் இங்கயேதான் உட்காந்திருப்பேன்."

நான் போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். முழங்கால் வீங்கியிருந்தது. மூன்று மாதமாகவே வலி இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தலைமை மார்ஷல் நல்ல மனிதர். காக் யாவைத் தனியே கூப்பிட்டு, அலுவலகத்தில் அனுமதி அட்டை கொடுக்கிற வேலை இருக்கிறது, குளிர்சாதன அறை, நாற்காலி எல்லாம் உண்டு என்று சொன்னார். காக் யா பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அட்டை கொடுக்குறதுக்கு நான் எதுக்கு? அதான் எங்க மருத்துவமனையில தினம் கொடுக்குறாங்களே."

உடுப்பை மடித்து, கையுறைகளை அதன் மேல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். வாகன நிறுத்தத்தில் என் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

"இருபத்து ரெண்டு வருஷம். நான் ஒரு பந்தயம்கூடப் பாத்ததில்ல, குணா."

உண்மைதான். எங்களுக்குத் தெரிவது எங்கள் வளைவு மட்டும். கார்கள் இடப்பக்கத்திலிருந்து வரும், பிரேக் பிடிக்கும், திரும்பும், வலப்பக்கம் மறையும். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி. பிறகு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்போம். எதிரே வருகிற காருக்கு முதுகைக் காட்டக் கூடாது, கைதட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. முன்னால் ஓடுகிறவன் யார், எங்கே முந்தினான், எதுவும் தெரியாது. ஓடுதளத்தில் பதினைந்து வளைவுகள். காக் யாவுக்கு ஒன்றுதான் தெரியும். அதன் ஒவ்வொரு விரிசலும் தெரியும்.

"என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"டிக்கெட் வாங்கப் போறேன்," என்றார்.

கம்போங் பாண்டானில் அவர்கள் வீடு நான்காவது மாடியில். கணவர் ஸம்ரி குளிர்சாதனப் பெட்டிகள் பழுது பார்ப்பவர். நிதானமான ஆள், பேச்சில் மட்டும் ஊசி வைப்பார். மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். அடுத்த வாரம் நான் அங்கே போனபோது சாப்பாட்டு மேசையில் பெரிய நாள்காட்டி ஒன்று விரிந்து கிடந்தது. மளிகைக் கடைகளில் வருஷப் பிறப்புக்குக் கொடுப்பார்களே, குதிரைப் பந்தய நாட்களில் சின்னச் சிவப்புக் குதிரை போட்டிருக்குமே, அதுதான். காக் யா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீலப் பேனாவால் ஆறு இடத்தில் குட்டிக் கார் வரைந்திருந்தார். ஒரு கார் ஒரு குதிரையின் மேலேயே ஏறியிருந்தது.

"பாத்தியா குணா," என்றார் ஸம்ரி. "ஹஜ்ஜுக்குப் போக வேண்டிய வயசுல இவ பந்தயத்துக்கு நாள் குறிக்கிறா. பக்கத்து வீட்டுக்காரன் வந்து பாத்தான்னா, எந்தக் குதிரை ஜெயிக்கும்னு நம்மகிட்டக் கேப்பான்."

"நீங்க பேசாம இருங்க பங்," என்றார் காக் யா, கணவரை 'அண்ணன்' என்று கூப்பிடும் மலாய் வழக்கத்தில். "எனக்கு எண்ணிக்கை தப்பிப் போகுது."

வருஷத்தில் ஆறு பெரிய கார் பந்தயங்கள். பிப்ரவரியில் ஒன்று, நோன்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால். ஏப்ரலில் ஒன்று. ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர். ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்திலிருந்து பார்ப்பது என்று அவர் திட்டம். முதலில் தொடக்கக் கோட்டுக்கு எதிரே இருக்கும் பெரிய பார்வையாளர் மாடம். அடுத்தது எங்கள் ஒன்பதாம் வளைவுக்கு எதிரே உள்ள புல்மேடு. பிறகு நீளமான நேர்ப்பாதை, முதல் வளைவு, இன்னும் இரண்டு இடம். ஒரு பழைய பல் எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் ஓடுதளத்தை முழுதாக வரைந்து, எந்த மாதம் எங்கே என்று குறித்திருந்தார். வருஷம் முடியும்போது தளம் முழுவதையும் பார்த்திருப்பார்.

"மருத்துவமனையில வார இறுதி டியூட்டிக்கு லீவு?" என்றேன்.

"சொல்லியாச்சு. மேலதிகாரி கேட்டாங்க, ஆறு லீவும் ஏன் பந்தயத்துக்கு, ஒருவேளை காதலன் யாராவது ஓட்டுறானான்னு."

"என்ன சொன்னீங்க?"

"ஒருத்தன் இல்ல, இருபத்தி நாலு பேருன்னு சொன்னேன்."

ஸம்ரி தேநீரை உறிஞ்சினார். நான் அவரைப் பார்த்து, "பங், நீங்களும் போறீங்கதானே?" என்று கேட்டேன்.

"எனக்குக் காது வலிக்கும்," என்றார். வழக்கமான பதில். எத்தனையோ வருஷமாக எங்கள் எல்லோருக்கும் அந்தப் பதில் தெரியும். மார்ஷல்களின் குடும்பங்களுக்கென்று வருஷத்தில் ஒருநாள் விருந்து வைப்போம், அதற்குக்கூட அவர் வந்ததில்லை.

பிப்ரவரி பந்தயம் காக் யாவுக்குச் சரிப்படவில்லை. தனியாகப் போனார். மூன்று பேர் சாப்பிடுமளவுக்கு நாசி லெமாக் சோறும் கரிபாப்பும் கட்டிக்கொண்டு போனார், பழக்கதோஷம், எங்களுக்கும் சேர்த்துக் கட்டிப் பழகிய கை. பெரிய மாடத்தில் உட்கார்ந்தார். கார் நெருங்கும் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றார். பின்னாலிருந்தவர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். அடுத்த சுற்றுக்கு மறுபடி எழுந்தார். கைப்பிடிச் சுவரின் மேல் ஒருவன் தண்ணீர்ப் போத்தலை வைத்திருந்தான். அது தளத்தில் விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா என்று அவனுக்கு வகுப்பெடுத்தார். தளம் அங்கிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, நடுவில் இரண்டு வேலி. அவன் பயந்துபோய்ப் போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

எதிரே பெரிய திரை ஒன்று இருந்தது. கண்ணுக்கு முன்னால் போகிற காரை விட்டுவிட்டு எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள். காக் யாவும் அதையேதான் பார்த்தார்.

"வீட்டுல சோபாவுல படுத்துக்கிட்டே பாத்துருக்கலாம், குணா," என்றார் மறுநாள் தொலைபேசியில். "ஆனா ஒண்ணு. திரையில நம்ம ஒன்பதாம் வளைவு போஸ்ட்டைக் காட்டினான். ரெண்டே விநாடிதான். நீ தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தே. அசிங்கமா இருந்துச்சு."

ஏப்ரலில் அவர் ஒன்பதாம் வளைவுக்கு எதிரே உள்ள புல்மேட்டுக்கு வந்தார். ஏப்ரல் என்றால் பிற்பகலில் மழை நிச்சயம். குடை, பாய், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கொண்டு வந்திருந்தார். தளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர். கொடிக்கு நானும் இன்னொருவரும், தொலைபேசிக்கு ஒருவர், காக் யாவின் இடத்தில் ரிஸால். ரிஸாலுக்கு நாற்பது வயது, வங்கி ஒன்றில் காவலர், அந்த வருஷம்தான் சேர்ந்தவர். காக் யா அவரைப் பற்றி என்னிடம் துருவித் துருவிக் கேட்டிருந்தார். உருளையைப் பூட்டியிருக்கும் முள்ளைப் பந்தயத்துக்கு முன்னாடியே தொட்டுப் பார்த்துக்கொள்கிறாரா, கையுறையைக் கழற்றி வைக்கிறாரா, சாப்பிடும்போது எந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறார். மாமியார் கேட்பது மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. பதினெட்டாவது சுற்று என்று நினைக்கிறேன். ஒரு நீலக் கார் தாமதமாகப் பிரேக் பிடித்தது. நான் மஞ்சள் கொடியைத் தூக்குவதற்குள் அது தண்ணீரில் சறுக்கி, சரளையைத் தாண்டி, எங்களுக்கு இருபது மீட்டர் தள்ளி டயர்ச் சுவரில் மோதியது. பின்பக்கத்திலிருந்து தீ வந்தது. முதலில் கறுப்புப் புகை. ரிஸால் ஓடினார். நான் கொடியை வீசிக்கொண்டே இருந்தேன், அதுதான் என் வேலை, திரும்பிப் பார்க்க முடியாது. உருளை சீறும் சத்தம் கேட்டது. பிறகு வெள்ளை மேகம் எழும்பி எங்கள் நாலு பேரையும் மூடிவிட்டது. இருமினேன். அடுத்த கார் வந்தது, வேகம் குறைத்துப் போனது. மேகம் கலைந்தபோது ஓட்டுநர் தடுப்புச் சுவரின் மேல் உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரிஸாலின் மணிக்கட்டில் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடை அளவு சூடு பட்டிருந்தது. அவ்வளவுதான். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம்கூட இருக்காது. பந்தயம் தொடர்ந்தது. நான் ரிஸாலின் தோளைத் தட்டினேன்.

நிமிர்ந்து புல்மேட்டைப் பார்த்தேன். குடையும் நாற்காலியும் இருந்தன. காக் யா இல்லை.

அவருக்கு அங்கே என்ன ஆயிற்று என்பதைப் பிற்பாடு பல தடவையாக, துண்டு துண்டாகச் சொன்னார்.

கார் மோதியபோது அவர் வேலியண்டை நின்றிருந்தார். தீ தெரிந்தது. ஆரஞ்சுச் சட்டை ஒன்று ஓடுவது தெரிந்தது. அப்புறம் எதுவுமே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள். ஒருவன் "நெருப்பு, நெருப்பு!" என்று சந்தோஷமாகக் கூவினான். அந்தப் புகைக்குள் இருபத்து இரண்டு வருஷத்தில் அவர் ஏழு தடவை போயிருக்கிறார். ஒரு தடவைகூடப் பயந்ததில்லை. பயப்பட நேரம் இருக்காது, முள்ளை இழு, காற்று எந்தப் பக்கம், கீழே அடி என்று கை பாட்டுக்கு வேலை செய்யும். இப்போது கைக்கு எந்த வேலையும் இல்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குணா! ரிஸால்!" என்று கத்தினார். எஞ்சின் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

"நாலு பேரு, நாலு பேருன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். முதல்ல உன் கொடி தெரிஞ்சுது. அப்புறம் ரெண்டு பேரு. நாலாவது ஆள் தெரியவே இல்ல. எவ்வளவு நேரம்னு நினைக்கிறே?"

"பத்து விநாடி இருக்கும்," என்றேன்.

"பத்து விநாடியா!" அவர் நம்பவில்லை. இன்றுவரை நம்பியதில்லை.

நாலாவது ஆளும் தெரிந்தபிறகும் அவருக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குடையையும் பாயையும் விட்டுவிட்டு, மழையோடு வாகன நிறுத்தத்துக்கு நடந்து, நேரே வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார்.

ஸம்ரி கூடத்தில் ஒரு விசிறி மோட்டாரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். நனைந்து வந்தவரைப் பார்த்துத் துண்டு எடுத்துக் கொடுத்தார். காக் யா எல்லாவற்றையும் சொன்னார். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் புல்மேட்டுல வேலிக்குப் பக்கத்துல ஒரு ஆங்சானா மரம் இருக்குமே, இன்னும் இருக்கா?" என்று கேட்டார். ஆங்சானா என்றால் வேங்கை மாதிரி பெரிதாய்க் குடை விரிக்கும் சாலையோர மரம்.

"அதை வெட்டி அஞ்சு வருஷமாச்சு," என்ற காக் யா அங்கேயே நிறுத்தினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வந்திருக்கேன்."

"எப்போ?"

"பதினோரு வருஷம் ஆச்சு. உன்கிட்டச் சொல்லாம வந்தேன். நீ நிக்கிறதைப் பாக்கலாம், திரும்பி வரும்போது ஆச்சரியப்படுத்தலாம்னு. அன்னிக்கு ஒரு மஞ்சக் காரு வந்து உங்க சுவத்துல மோதுச்சு. நீ ஓடினே. அப்புறம் ஒரே புகை. உன்னைக் காணோம்."

"நான் நல்லாத்தானே வீட்டுக்கு வந்தேன் அன்னிக்கு!"

"வந்தே. வந்து மீன் பொரிச்சே. நான் சாப்பிட்டேன்."

காக் யா உருகிப்போயிருப்பார் என்று நினைப்பீர்கள். எனக்கும் கேட்டபோது அப்படித்தான் தோன்றியது. அவருக்குக் கோபம்தான் வந்தது. பதினோரு வருஷமாகக் காது வலி என்று பொய். குடும்ப விருந்துக்கு வராததற்குப் பொய். ஒவ்வொரு பந்தயத்தன்றும் விடியற்காலையில் எழுந்து கிளம்பும்போது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தாரே, அதுவும் பொய்த் தூக்கம்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நிறுத்தியிருப்பே. நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பே. நிறுத்தலைன்னா எனக்கு உன் மேல வெறுப்பு வந்திருக்கும். எது வந்தாலும் வீட்டுக்கு நல்லதில்ல."

"அதை நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"ஆமா. நானே பண்ணிட்டேன்."

இரண்டு நாள் பேச்சில்லை. காக் யா சமைத்து மூடி வைப்பார், ஸம்ரி எடுத்துப் போட்டுச் சாப்பிடுவார். மருத்துவமனையில் ஒரே உறையில் இரண்டு கொறடு போட்டு ஒட்டிவிட்டு, வைத்தியரிடம் ஏச்சு வாங்கினார் காக் யா. மூன்றாம் நாள் மாலை, ஸம்ரி சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் எதிரே வந்து நின்றார்.

"அந்தப் புகை என்ன நிறம்?"

"எந்தப் புகை?"

"பதினோரு வருஷத்துக்கு முந்தின புகை."

ஸம்ரி யோசித்தார். "வெள்ளை. வெள்ளை வெளேர்னு. மேகம் மாதிரி."

காக் யா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பங், அது புகையே இல்ல. உருளையில இருக்குற பவுடர். நான் அடிச்சது. கறுப்பா வந்தாத்தான் நெருப்பு. வெள்ளையா வந்துட்டா நெருப்பு அணைஞ்சுதுன்னு அர்த்தம். நீங்க பாக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்."

ஸம்ரி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

"பதினோரு வருஷமா நான் ஒரு மாவுக்கா பயந்துக்கிட்டு இருந்தேன்?"

காக் யாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். ஸம்ரி சிரிக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் இவர் சிரிப்பும் நின்றுவிட்டது. "நானும் பயந்தேன் பங், சனிக்கிழமை," என்றார். "வெள்ளையாத்தான் இருந்துச்சு. மாவுன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் ஓடி வந்துட்டேன்."

ஸம்ரி மீன் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இதற்குள் இன்னொரு வீட்டிலும் சங்கதி கசிந்திருந்தது. ரிஸாலின் மனைவி சுஹைலா, பாங்கி என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையற்கட்டில் வேலை செய்பவள். மணிக்கட்டுக் கட்டைப் பார்த்துக் கேட்டதற்கு ரிஸால், தேநீர் கொட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் யாரோ புல்மேட்டிலிருந்து எடுத்த காணொளி அவள் கைபேசிக்கு வந்துவிட்டது. அவள் என்னைக் கூப்பிட்டாள். என் எண்ணை எங்கே பிடித்தாளோ தெரியாது.

"அண்ணே, டீ அவ்வளவு கறுப்பாவா புகையும்?" என்று கேட்டாள்.

நான் காக் யாவின் எண்ணைக் கொடுத்தேன். இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள் என்று அறிந்தேன். ரிஸால் ஒரு வாரம் வெளியில்தான் சாப்பிட்டார் என்றும் அறிந்தேன்.

ஜூன் பந்தயத்தன்று காக் யாவின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். நாள்காட்டியில் அந்தக் காரின் மேல் குறுக்குக்கோடு போட்டார். நேர்ப்பாதையைப் பார்க்கும் திட்டம் அதோடு போயிற்று. ஆகஸ்டுக்கு முதல் வளைவு என்று எழுதியிருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் ஸம்ரி கடையிலிருந்து வந்தபோது, கம்ப்ரஸர் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பெரிய காதுக் கவசத்தைக் கையில் வைத்திருந்தார்.

"நானும் வரேன். ஆனா முதல் வளைவுக்கு இல்ல. அந்தப் புல்மேட்டுக்குத்தான் வருவேன்."

"அங்கதான் போயாச்சே!"

"நீ போனே. பாதியில ஓடி வந்துட்டே. நானும் போனேன். நானும் பாதியில ஓடி வந்துட்டேன். ரெண்டு பேரும் முழுசாப் பாக்கலையே."

காக் யா சுஹைலாவையும் கூப்பிட்டுக்கொண்டார். அவள் வருவது ரிஸாலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்று உத்தரவு. அன்று முழுக்க எதிர்மேட்டில் மூன்று நாற்காலிகள் இருந்தன. நடுவில் காதுக் கவசத்தோடு ஸம்ரி, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். நல்ல வெயில், நல்ல பந்தயம் என்று பிறகு செய்தித்தாளில் படித்தேன். அவர்கள் மூவரும் காரைப் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்களைத்தான் பார்த்தார்கள்.

"முதல்ல எண்ணிக்கோ," என்று காக் யா சுஹைலாவுக்குச் சொன்னாராம். "போஸ்ட்டுல நாலு பேரு. ஏதாவது ஆச்சுன்னா கொடிக்காரன் நகரமாட்டான், அவனை முதல்ல பாரு. அவன் ஒழுங்கா வீசிக்கிட்டு இருந்தா மத்ததும் ஒழுங்கா நடக்குதுன்னு வச்சுக்கோ. அப்புறம் நிறம். கறுப்பு வந்தா ஓடுவாங்க. வெள்ளை வந்தா முடிஞ்சுது."

"வெள்ளை வந்தா மாவு," என்று ஸம்ரி நடுவில் புகுந்தார். "ஆனா எதுக்கும் பயந்து வச்சுக்கோ. நான் பதினோரு வருஷம் பயந்தேன், ஒண்ணும் கெட்டுப்போகல."

சுஹைலா கண்ணை எடுக்காமல் ரிஸாலையே பார்த்தாளாம். "காக், வீட்டுல சோபாவுல உருகின மெழுகுவத்தி மாதிரிக் கிடப்பாரு. இங்க பாருங்க, கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறாரு. ரெண்டு மணி நேரமா உட்காரவே இல்ல." அவள் குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது என்று காக் யா சொன்னார். அந்த நிமிர்ந்த ஆளை அவளுக்கு யாரும் காட்டியதில்லை.

அன்று எங்கள் வளைவில் எதுவும் நடக்கவில்லை. ஒரு காரின் கண்ணாடி உடைந்து விழுந்தது, நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அதற்கு எதிர்மேட்டிலிருந்து ஒற்றைக் கைதட்டல். ரிஸால் நிமிர்ந்து பார்த்தார். மனைவியைக் கண்டுகொண்டார். எதிரே வருகிற காருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பதால் அவரால் திரும்பிக்கொள்ளவும் முடியவில்லை. பந்தயம் முடியும்வரை முகம் சிவந்து அப்படியே நின்றார்.

அக்டோபரில் காக் யாவுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். நாள்காட்டியில் அந்தக் காரையும் அடித்தாயிற்று. நான் பார்க்கப் போனபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த எக்ஸ்ரே உறை இருந்தது. ஸம்ரி எடுத்து வந்து வைத்திருக்கிறார். பதினைந்து வளைவுகளில் ஐந்தோ ஆறோதான் பார்த்ததாகக் குறித்திருந்தது.

"திட்டம் பாழாப் போச்சே காக்," என்றேன்.

"பாழாப் போச்சு," என்று ஒப்புக்கொண்டார். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. "முதல்ல ரொம்ப வருத்தமா இருந்துச்சு, குணா. இத்தனை வருஷம் நின்ன இடத்தை ஒரு தடவை முழுசாப் பாத்துரணும்னு ஒரு ஆசை. முழுசாப் பாத்தா என்ன கிடைக்கும்னு யாராவது கேட்டிருந்தா எனக்குப் பதில் தெரியாது. இவரு இருக்காரே, ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போகணும்ங்கறாரு. நான் எங்க நின்னேன், எந்தப் பக்கமா ஓடினேன், எந்த இடத்துல மறைஞ்சேன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. இருபத்து ரெண்டு வருஷத்துல இதையெல்லாம் அவரும் கேக்கல, நானும் சொல்லல. சாயங்காலம் வந்து மீன் பொரிச்சேன், அவ்வளவுதான்."

ஸம்ரி வாசலில் தண்ணீர்க் குடுவையோடு நின்றிருந்தார். "மீனும் கருகிப் போயிருந்துச்சு," என்றார்.

நவம்பர் பந்தயம் வருஷத்தின் கடைசி. அதற்கு மட்டும் ஸம்ரி பெரிய மாடத்தில் இடம் கேட்டார். காக் யாவுக்கு நடக்கத் தெம்பு வந்திருக்கவில்லை. சுஹைலா முதல் நாளே சமைத்த கோழி ரெண்டாங் கறியோடு வந்தாள். நாலு மணிக்கு மழை பெய்து, பந்தயத்தை முக்கால் மணி நேரம் நிறுத்தி, மறுபடி தொடங்கி, ஒருவழியாக முடித்தார்கள். வருஷத்தின் கடைசிப் பந்தயம் முடிந்ததும், எல்லா வளைவிலிருந்தும் மார்ஷல்களை லாரிகளில் ஏற்றித் தளத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நாங்கள் கொடியை ஆட்டிக்கொண்டே வருவோம். அதற்குள் பாதிக் கூட்டம் வாகன நிறுத்தத்துக்குப் போயிருக்கும். மீதிப் பேர் மேடையில் கோப்பை வாங்குகிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லாரியை யாரும் பார்ப்பதில்லை, நாங்களும் எதிர்பார்ப்பதில்லை.

எங்கள் லாரி பெரிய மாடத்துக்கு முன்னால் வந்தபோது ரிஸால் என் விலாவில் இடித்தார். மேலே, காலி நாற்காலிகளுக்கு நடுவில், காதில் கவசம் மாட்டிய ஒரு மனிதர் நாற்காலியின் மேலேயே ஏறி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். லாரி போகப் போக அவரும் அந்தத் திசையில் திரும்பித் திரும்பி ஆட்டினார். பக்கத்தில் சுஹைலா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விழுந்துவிடப் போகிறார் என்று. காக் யா உட்கார்ந்தபடியே இருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

நான் கொடியை உயர்த்தி ஆட்டினேன். ரிஸாலும் மற்ற இருவரும் ஆட்டினார்கள். அடுத்த லாரியில் இருந்தவர்களுக்கு எதற்கென்று தெரியாது, ஆனாலும் அவர்களும் அந்தப் பக்கம் பார்த்து ஆட்டினார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் காக் யாவின் அழைப்பு வந்தது. "குணா, கொடியை அப்படியா பிடிக்கிறது? மணிக்கட்டு மடங்கியே இருக்கு. இத்தனை வருஷமா பக்கத்துல நின்னும் எனக்குத் தெரியாமப் போச்சு பாரு," என்று ஆரம்பித்து, நான் வண்டியை நிறுத்துகிற வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தார்.